குமாரதாஸ் கட்டின தடிவீடு

கீரிப்பாறைத் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருஷம் பால் வெட்டினவன் குமாரதாஸ். ரப்பர் மரத்தைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் ஊரில் எல்லாரும் நினைத்தார்கள். அவனும் அதையேதான் நினைத்தான். அங்கேதான் பிசகிற்று.

வெட்டுக்காரனுக்குத் தெரிவது மரத்தின் தோல். கத்தி எவ்வளவு ஆழம் போகலாம், எந்தச் சாய்வில் இறங்கினால் பால் சிரட்டைக்கு நேராக ஒழுகும், மழைக்கு மறுநாள் எந்த மரம் கள்ளம் பண்ணும், இதெல்லாம் குமாரதாஸுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். ஆனால் தோலுக்கு உள்ளே இருக்கிற தடியில் கத்தி படவே கூடாது. பட்டால் மரத்துக்குக் காயம், வெட்டினவனுக்கு வசவு. முப்பத்திரண்டு வருஷம் தடியைத் தொடாமல் இருப்பதையே தொழிலாகச் செய்தவன், கடைசியில் அந்தத் தடியாலேயே வீடு கட்டப் போனான்.

அவன் பிறந்தது தோட்டத்து லைன் வீட்டில். அவன் அப்பாவும் வெட்டுக்காரன்தான். குமாரதாஸ் கல்யாணம் முடித்துச் செல்லத்தாயைக் கூட்டி வந்ததும் லைன் வீட்டுக்குத்தான். ஒரே மகள் அஸ்வதி பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். லைன் வீடு நல்ல வீடுதான். ஆனால் நம்முடையது இல்லை. ஓடு ஒன்று உடைந்தால் ஒரு ஆளிடம் போய்ச் சொல்ல வேண்டும், அந்த ஆள் இன்னொரு ஆளிடம் சொல்ல வேண்டும். மழை அதுவரை காத்திருக்காது. ஓய்வு பெறும் நாள் கிட்ட வரவர குமாரதாஸ் ஒரே பேச்சைப் பேச ஆரம்பித்தான்.

“ஏட்டி செல்லம், இனி நான் யாருட்டயும் போய் நிக்க மாட்டேன். நம்ம கெணறு, நம்ம மரச்சீனி, நம்ம கோழி. வீடும் என் கையாலதான். ஒரு ஆணிக்குக் கூட ஒருத்தன் வாசல மிதிக்க மாட்டேன், பாத்துக்க.”

“ஆணியும் நீங்களே காச்சி அடிப்பியளோ?” என்று சிரித்தாள் செல்லத்தாய்.

சிரித்தாலும் அவளுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. தனக்கென்று ஒரு வீடு என்பது அவளுக்கும் முப்பது வருஷத்து ஆசை.

தடிவீட்டு எண்ணத்தைக் கிளப்பினவன் மருமகன் ரதீஷ். அஸ்வதியைக் கட்டினவன், மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். அவன்தான் மாமனாருக்கு ஒரு வீடியோ அனுப்பினான். எங்கேயோ பனி கொட்டுகிற தேசத்தில், தாடிக்காரக் கிழவன் ஒருவன் தனியாளாக மரத்தை வெட்டி, உருட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வீடு கட்டுகிறான். சுவரே தடிதான். கல் கிடையாது, சிமெண்டு கிடையாது, கூட ஒரு ஈ காக்காய் கிடையாது. கட்டி முடித்து உள்ளே உட்கார்ந்து அவன் பாலில்லாத கட்டன்காப்பி குடிக்கிற இடத்தில் வீடியோ முடியும். குமாரதாஸ் அதை எத்தனை தரம் பார்த்தான் என்பதற்குக் கணக்கில்லை. அந்தக் கிழவனுக்கு இருக்கிற தெம்பு எனக்கு இல்லையா என்று தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வான்.

பனி தேசத்து மரம் வேறு, அங்கே இருக்கிற வண்டு வேறு என்று அவனுக்குத் தோன்றவில்லை.

பி.எஃப். பணத்தில் தடிக்காரன்கோணத்தில் எட்டு சென்ட் வாங்கினான். பக்கத்திலேயே பெரியவர் சுயம்புராஜின் தோட்டம். அவர் பழைய ரப்பரை அழித்துப் புதுக்கன்று வைக்கிற நேரம் அது. கடைசி வருஷம் மரத்தை ஒட்டக் கறக்கிற கடுவெட்டு முடிந்து, மரங்கள் விறகுக்குப் போகக் காத்து நின்றன. செங்கல் சூளைக்குப் போகிற அந்த மரங்களில் நேரானதாகப் பார்த்து அறுபது தடி குமாரதாஸ் கேட்டு வாங்கினான்.

“தாசு, இதக் கொண்டு கோழிக்கூடு வைக்கப் போறியா?” என்று சுயம்புராஜ் கேட்டார்.

“நாங்க குடியிருக்கப் போறோம் பாட்டா.”

“ரப்பர் தடியிலயா?”

“பாட்டா, உங்க மரத்துக்கு நெஞ்சுவலி வந்தாக்கூட எனக்குத் தெரியும். நீங்க வெலையச் சொல்லுங்க.”

ஆவணியில் தடி வெட்டி மார்கழி வரை நிழலில் காயப் போட்டான். தோலை உரித்ததைப் பார்க்க வேண்டுமே! வெட்டுக்கத்தி பழகின கை. வாழைப்பழம் உரித்த மாதிரி வெள்ளைவெளேரென்று தடி வெளியே வந்தது. மேலும் கீழும் செதுக்கித் தட்டையாக்கி, மூலைக்கு மூலை காடி என்கிற பள்ளம் எடுத்து, விரல் கோத்த மாதிரி ஒன்றோடு ஒன்று கவ்வ வைத்தான். எல்லாம் அந்த வீடியோவைப் பார்த்துத்தான். கல்லில் அடித்தளம் மட்டும் இடுப்பு உயரத்துக்குக் கட்டி, அதன் மேல் தடியை ஏற்றினான். இடுப்பு பிடித்துக்கொண்டது, பெருவிரல் நகம் ஒன்று போயிற்று. செல்லத்தாய் ஒரு முனையைத் தாங்கிப் பிடிக்க, அவன் மறுமுனையைக் கப்பியில் ஏற்றுவான். போகிற பஸ்ஸில் இருந்து ஆட்கள் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார்கள். ரதீஷ் அதையெல்லாம் படமாக வாங்கிக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, ‘எங்க மாமா தனியாளாகக் கட்டும் வீடு’ என்று எழுதினான். வெளிநாட்டில் இருந்தெல்லாம் கைதட்டு வந்தது.

தை மாதம் கட்டிளை வைப்பு. வாசல் நிலையை நிறுத்துகிற அந்த நாளில் பெண்ணின் பிறந்த வீட்டுச் சீர் வர வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். செல்லத்தாய்க்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியிருப்பது ஒரே தம்பி கிருஷ்ணமணி. அவளுக்கு ஒன்பது வயது இளையவன். அம்மா படுத்த படுக்கையானதில் இருந்து அவனை இடுப்பில் தூக்கி வளர்த்ததே அவள்தான். இப்போது தோவாளையில் வீடு. நாகர்கோவில் பக்கம் ஒரு தடி அறுப்பு மில்லில் இருபத்தைந்து வருஷமாக வேலை. அவன் பெண்டாட்டி சபிதா பூ கட்டுகிறவள்.

அன்றைக்குக் கிருஷ்ணமணி டெம்போவில் வந்து இறங்கினான். டெம்போவில் நாலு அயனி மரத்துத் தூண்கள். வைரம் பாய்ந்த பழுத்த தடி, தேன் நிறம். ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பூசி, புதுத்துண்டு சுற்றி, பிச்சிச்சரம் கட்டியிருந்தாள் சபிதா. செல்லத்தாய் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் யாருக்கும் இப்படியொரு சீர் வந்ததில்லை.

கிருஷ்ணமணி அத்தானை ஒதுக்கமாகக் கூப்பிட்டான். கூப்பிட்டானே தவிர, மில் இரைச்சலில் பேசிப் பழகின தொண்டை. மெல்லப் பேச வராது.

“அத்தான், நாலு மூலைக்கு இத நிறுத்துங்க. பெறவு கூரை பாரம் இதுல நிக்கும். ரப்பர் தடிய நம்பப்பிடாது. அதுக்குள்ள மரச்சீனிக்கெழங்கு மாதிரி மாவாக்கும். வண்டுக்கு அது சோறு. வெட்டின சூட்டோட டேங்குல அடைச்சு மருந்து ஏத்தியிருந்தா வேற காரியம்…”

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுயம்புராஜ் இருந்தார், லைன் வீட்டுக் கூட்டாளிகள் இருந்தார்கள். ரதீஷுக்கு அனுப்ப யாரோ கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். குமாரதாஸுக்குக் காது மடல் சுட்டது.

“ஏலே மணி, நீ சீர் கொண்டு வந்தியா, இல்ல எனக்குப் படிச்சுத்தர வந்தியா?”

“அத்தான், நான் அப்படிச் சொல்லேல…”

“நீ மில்லுல மிஷினுக்குத் தடி தள்ளுகவன். நான் மரத்தோட ரத்தத்த எடுத்தவன். எனக்கு நீ மரம் சொல்லித்தாறியோ? ஒரு ஆணிக்குக் கூட ஒருத்தன் வாசலுக்குப் போகப்பிடாதுன்னு கெட்டுக வீடு இது. எடுத்துட்டுப் போ. உன் தடி உன் மில்லுலயே கெடக்கட்டு.”

“சீராக்கும் அத்தான். திருப்பப்பிடாது.”

“எடுத்துட்டுப் போன்னு சொன்னேன்.”

டெம்போ திரும்பிற்று. சீரைத் திருப்பி அனுப்பினால் பிறந்த வீட்டு நடையை அடைத்தது மாதிரி. பிறகு அந்தப் பெண் எந்த முகத்தோடு அங்கே போவாள்?  செல்லத்தாய் வந்தவர்களுக்குப் பாயசம் விளம்பினாள். வீடு முடிந்து, பங்குனியில் பால்காய்ச்சு நடந்தபோது அவள் பக்கத்து ஆள் என்று ஒருவரும் இல்லை. பால் பொங்கினபோது குலவை போடத் தொடங்கினவள் பாதியில் நிறுத்திக்கொண்டு அடுப்பைக் குனிந்து ஊதினாள். அதற்குப் பிறகு தோவாளைக்குப் போகிறேன் என்று அவள் கேட்கவில்லை. குமாரதாஸும் போ என்று சொல்லவில்லை.

வீடு என்னவோ பார்க்க அழகாகத்தான் இருந்தது. உள்ளே போனால் வேனலிலும் குளுகுளுவென்று இருக்கும். முன்னால் மரச்சீனி, பின்னால் வாழை, கிணற்றடியில் குருமிளகுக் கொடி, கூரையில் சோலார் தகடு. அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் தவிரக் கடைக்குப் போக வேண்டியதில்லை என்று குமாரதாஸ் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். ஏழு மாதம் அவன் ராஜாவாக இருந்தான்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை. வெட்டுக்காரனுக்கு ஓய்வு பெற்றாலும் கோழிக்கு முந்தி முழிப்பு வந்துவிடும். எழுந்து விளக்கைப் போட்டால், மேற்குச் சுவரின் அடியில் கோலப்பொடி சிந்தின மாதிரி வெள்ளையாக ஒரு வரி. தொட்டுப் பார்த்தான். மாவு. அண்ணாந்து தடியைப் பார்த்தான். குண்டூசி குத்தின மாதிரி நாலைந்து துளைகள்.

கிருஷ்ணமணியின் குரல் அப்படியே காதில் கேட்டது. குமாரதாஸ் திரும்பிப் பாயில் படுத்திருந்த செல்லத்தாயைப் பார்த்தான். பிறகு தன் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து அந்த மாவைத் துடைத்தான்.

அந்த ஒரு துடைப்பு இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை. அப்போதே பெண்டாட்டியை எழுப்பி, “ஏட்டி, மணி சொன்னது சரியாப் போச்சு” என்று சொல்லியிருந்தால் ரெண்டு நாள் தலை குனிவு; அவ்வளவோடு போயிருக்கும். அவன் துடைத்தான். மறுநாளும் துடைத்தான். பிறகு அது பல் விளக்குகிற மாதிரி தினமும் செய்கிற சோலியாயிற்று. மெழுகும் மரத்தூளும் குழைத்துத் துளைகளை அடைத்தான். ஒரு துளையை அடைத்தால் பக்கத்தில் மூன்று திறந்தது. முந்திரி உடைக்கிற அண்டி ஆபீசில் இருந்து கருப்பு எண்ணெய் ஒரு டின் வாங்கி வந்து சுவர் முழுக்கப் பூசினான். முந்திரிக்கொட்டைத் தோட்டில் இருந்து எடுக்கிற அந்த எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். விரலெல்லாம் கொப்புளம்.

“கையில என்னது?” என்று கேட்டாள் செல்லத்தாய்.

“சுண்ணாம்பு பட்டுட்டு.”

“சொவரு எதுக்கு இப்படிக் கருத்துக் கெடக்கு?”

“இப்படி அடிச்சா நூறு வருசம் நிக்கும்.”

வண்டு உள்ளே இருக்கிறது, எண்ணெய் வெளியே இருக்கிறது. ராத்திரி சத்தம் அடங்கினால் தடிக்குள் கறுமுறுவென்று அது தின்பது அவனுக்குக் கேட்கும். செல்லத்தாய்க்குக் காது கொஞ்சம் மந்தம். அது ஒரு நன்மை என்று அவன் நினைத்தான். அப்படி நினைத்ததைப் பிற்பாடு தன்னிடமே சொல்லிக்கொள்ள அவனுக்குக் கூசிற்று.

மார்கழியில் செல்லத்தாய்க்கு இருமல் தொடங்கிற்று. பனிக்காலம், எல்லாருக்கும்தான் இருமல் என்று விட்டார்கள். தையில் விடவில்லை. மாசியில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. சுவர் ஓரமாகப் பாய் விரித்துப் படுக்கிறவள் அவள். மேலே கொட்டுகிற மாவெல்லாம் அவள் தலைமாட்டில்தான் விழும். காலையில் அவளுடைய தலையணை விளிம்பில் வெள்ளையாக இருப்பதைக் குமாரதாஸ் ஊதிவிடுவான்.

“எங்க அம்மைக்கும் இப்படித்தான் இழுப்பு இருந்துது. எனக்கும் வந்தாச்சு போல,” என்றாள் செல்லத்தாய் ஒரு நாள்.

குமாரதாஸ் அரிசி களைந்துகொண்டிருந்தான். உண்மையைச் சொல்ல அவனுக்கு அதைவிட நல்ல சமயம் வராது. “ஆமா, உங்க வம்சத்துல உள்ளதாக்கும்,” என்றான்.

எத்தனையோ பொய்யில் இது ஒன்று என்று அன்றைக்குத் தோன்றிற்று. ஆனால் அவன் பிற்பாடு நினைத்து நினைத்து உருகினது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். தன் சுவரின் குற்றத்தைச் செத்துப்போன மாமியாரின் நெஞ்சில் கொண்டு வைத்தான். செல்லத்தாய் அதை நம்பி, அம்மா குடித்த கஷாயத்தையே தானும் போட்டுக் குடித்தாள்.

வைகாசிக் கடைசியில் ஒரு காலை அவளுக்கு மூச்சு விட முடியாமல் கண் மேலே போயிற்று. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். புகை மருந்து வைத்துக் கொஞ்சம் தெளிந்த பிறகு, இளவயது டாக்டரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“வீட்ல தூசி ஏதும் உண்டா அம்மா?”

“எனக்க வீட்டுலயா? நாளுக்கு ரெண்டு நேரம் பெருக்குவேன் டாக்டரே.”

“பக்கத்துல மாவு மில், மரம் அறுக்கிற இடம்?”

“மில்லு ஒண்ணும் கெடையாது. ஆனா எங்களுக்கு வீடே மரத்துலயாக்கும்.” செல்லத்தாய்க்கு அந்த மூச்சிலும் முகம் மலர்ந்தது. “இன்னா நிக்காருல்லா, இவரு ஒத்தைக்கு நின்னு கெட்டினது. ஒரு ஆசாரி கெடையாது, ஒரு கையாள் கெடையாது. வெளிநாட்டுல இருந்தெல்லாம் பாத்துட்டுப் போன் பண்ணினாவ.”

டாக்டரம்மா குமாரதாஸை நிமிர்ந்து பார்த்தாள். “மரத்துல இருந்து தூள் ஏதாவது விழுதாங்க?”

செல்லத்தாயும் அவனைப் பார்த்தாள். பெருமையாகத்தான் பார்த்தாள்.

“இல்ல,” என்றான் குமாரதாஸ்.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கினாள். அந்தத் தோளை வெட்டி எறிந்துவிடலாம் போல இருந்தது அவனுக்கு.

மறுநாள் காலை, கோழித் தீவனம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நாகர்கோவில் பஸ் ஏறினான். மில் வாசலில் போய் நின்றான். உள்ளே பெரிய வாள் சுழன்றுகொண்டிருந்தது. மருந்துத் தொட்டியில் இருந்து ரப்பர்ப் பலகைகளை எடுத்து வடிய வைத்துக்கொண்டிருந்தார்கள். ரப்பர்ப் பலகைதான், நூறு இருக்கும். குமாரதாஸ் அதைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். பார்த்தது யாருமில்லை, என்றாலும் திருப்பிக்கொண்டான்.

கிருஷ்ணமணி தலையில் கட்டின துண்டை அவிழ்த்துக்கொண்டே ஓடி வந்தான்.

“அத்தானா? என்ன இங்கோடி? அக்காளுக்கு என்னவும்…?”

“ஒண்ணுவில்ல.” பழக்கத்தில் அதுதான் முதலில் வந்தது. பிறகு, “உண்டு மணி,” என்றான்.

தடி அடுக்கிக் கிடந்த மறைவில் நின்று சொன்னான். மாவு கொட்டுவதைச் சொன்னான், இருமலைச் சொன்னான், ஆஸ்பத்திரியைச் சொன்னான். கிருஷ்ணமணி துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றான். எல்லாம் முடிந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

“எப்பம் இருந்து தெரியும்?”

“ஐப்பசி.”

கிருஷ்ணமணி விரலை மடக்கினான். “எட்டு மாசம். எட்டு மாசமா எங்க அக்கா அதத் தின்னுட்டுக் கெடந்திருக்கா.” அத்தான் முகத்தைப் பார்த்தான். “அவகிட்ட சொல்லியாச்சா?”

“இல்ல.”

“பெறவு எங்கிட்ட எதுக்கு வந்திய?”

குமாரதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸில் யோசித்து வைத்ததை மெல்லச் சொன்னான். “நீ சும்மா அக்காளப் பாக்க வந்தது மாதிரி வந்து, தடியப் பாத்துட்டு… உனக்குத் தடியப் பத்தித் தெரியும்லா. நீ சொன்னா…”

“ஓ.” கிருஷ்ணமணி சிரித்தான். சிரிப்பு நன்றாக இல்லை. “நான் வந்து கண்டுபிடிக்கணும். நீங்க நெஞ்சுல கை வச்சு, ‘அய்யோ எனக்குத் தெரியாமப் போச்சே’ன்னு நிக்கணும். அப்படித்தானே அத்தான்?”

அப்படியேதான். கையை எங்கே வைப்பது என்பது வரைக்கும் அவன் யோசித்து வைத்திருந்தான். தடிக்கட்டைகளுக்கு நடுவில் அம்பத்தொன்பது வயசுக்காரன் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கின பயல் மாதிரி நின்றான்.

“அந்த நாலு அயனி இப்பம்…” என்று ஏதோ கேட்க வாயெடுத்தான்.

“அது அடுத்த மாசமே வேற ஒரு வீட்டுக்குப் போயாச்சு. மஞ்சளோட திரும்பி வந்த தடிய வீட்டுல போட்டு வச்சா சபிதா பாத்துப் பாத்து அழுகா. அதனால குடுத்துட்டேன்.” துண்டை உதறித் தலையில் கட்டினான். “நீங்க போய் அக்காட்ட சொல்லுங்க. உங்க வாயாலச் சொல்லுங்க. சொல்லாம நான் அந்த வீட்டு நடை ஏற மாட்டேன்.”

டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று அவன் சொல்லவில்லை. 

வீட்டுக்கு வந்தபோது செல்லத்தாய் வாசலில் உட்கார்ந்து மரச்சீனிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

“தீவனம் எங்க?”

அவன் நேரே உள்ளே போய், அவள் தலை வைத்துப் படுக்கிற இடத்துக்கு மேலே உள்ள தடியில் மெழுகு அடைத்திருந்த இடத்தைக் கத்தி முனையால் தோண்டினான். மெழுகு விழுந்தது. பின்னாலேயே மாவு கொட்டிற்று. ஒரு பிடி, ரெண்டு பிடி. செல்லத்தாய் கிழங்கும் கையுமாக வந்து நின்றாள்.

“என்னது இது?”

“வண்டு. மணி சொன்னது.”

“எப்பம் வந்துது?”

“ஐப்பசியில. நீ எந்திக்கதுக்கு முந்தி நான் துடைச்சிருவேன்.” கத்தியைக் கீழே வைத்தான். “உனக்கு இழுப்பு இதுனாலயாக்கும் செல்லம். உங்க அம்மைக்குள்ளது இல்ல.”

அவள் குனிந்து அந்த மாவைக் கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்தாள். மூக்கருகே கொண்டு போகப் போனவள் கையை இறக்கிக்கொண்டாள். திட்டுவாள், அழுவாள் என்று அவன் காத்து நின்றான். திட்டினால் தேவலை என்று கூட இருந்தது.

“அம்மைய எதுக்குச் சொன்னிய?” என்று மட்டும் கேட்டாள்.

அவன் குனிந்து, விழுந்த மெழுகைப் பொறுக்கினான்.

அவள் ரெண்டு சேலையை ஒரு கட்டைப்பையில் வைத்தாள். மாத்திரையை எடுத்துக்கொண்டாள். உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டு மூடி வைத்தாள். “நான் தம்பி வீட்டுக்குப் போறேன்,” என்றாள். அவன் பையை வாங்கிக்கொண்டு பின்னாலேயே பஸ் ஸ்டாப் வரை போனான். பஸ் வந்ததும் அவள் பையை அவன் கையில் இருந்து வாங்கிக்கொண்டு ஏறினாள். நீங்களும் வாருங்கள் என்று சொல்லவில்லை. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு, வெறுங்கையோடு, மூச்சு இழுக்க இழுக்க, அவள் தோவாளை நடையில் போய் ஏறியது இப்படித்தான்.

மறுநாளே குமாரதாஸ் வீட்டைப் பிரிக்க ஆரம்பித்தான். ஆனி மழை. தார்ப்பாயைக் கட்டி அதன் அடியில் சாமான்களை ஒதுக்கிவிட்டு, கூரைத் தகரத்தை இறக்கினான். ஏற்றும்போது ரெண்டு ஆள் பிடித்த தடியை இப்போது ஒரு கையால் தூக்கலாம் போல இருந்தது; உள்ளே ஒன்றுமே இல்லை. கீழே போட்டால் ரொட்டி மாதிரி நொறுங்கிற்று. ரோட்டில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள்.

“என்ன தாசு, வீட்டப் பிரிக்க?”

“சின்ன மராமத்து.”

ஒருத்தர் ரெண்டு பேருக்கு மட்டும் இல்லை. மூன்று நாளும் கேட்ட எல்லாருக்கும் அதையேதான் சொன்னான். பெண்டாட்டியிடம் சொன்னதோடு தீர்ந்தது என்று நினைத்தவனுக்கு, நாக்கு இன்னும் பழைய தடத்திலேயே ஓடுகிறது என்று தெரிந்தது. ரதீஷ் மஸ்கட்டில் இருந்து கூப்பிட்டான். போனை எடுக்கவில்லை.

முதல் நாள் மத்தியானமே தோவாளையில் இருந்து சோறு வந்துவிட்டது. சபிதா தூக்குச்சட்டியில் கட்டி, நாகர்கோவிலில் பஸ் மாற்றித் தடிக்காரன்கோணம் கண்டக்டர் கையில் சேர்த்திருந்தாள். தினமும் ஒரு மணி பஸ்ஸுக்கு ஸ்டாப்பில் நின்று, நாலு பேர் பார்க்க, மச்சினன் வீட்டுச் சோற்றை அவன் வாங்கினான். சோற்றோடு ஒரு சொல்லும் வரவில்லை. அவியலும் மீன்குழம்பும் மட்டும் வந்தன. ஒரு வசவு எழுதிப் போட்டிருந்தால் கூடக் கொஞ்சம் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான்.

நாலாம் நாள் ஒரு மணி பஸ்ஸில் தூக்குச்சட்டியோடு செல்லத்தாயே இறங்கினாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியிருந்தது. குமாரதாஸ் சட்டியை வாங்கக் கை நீட்டினபோது, ஸ்டாப்பில் குடையோடு நின்றிருந்த சுயம்புராஜ் பேச்சுக் கொடுத்தார்.

“தாசு, மராமத்துன்னு சொன்ன, கடைசித் தடியும் இறங்கிட்டே? இப்படியும் ஒரு மராமத்தா?”

 செல்லத்தாய் அவனைப் பார்க்கவில்லை. மழை தூறுகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்டாப்பில் இன்னும் மூன்று நாலு பேர் இருந்தார்கள்.

“மராமத்து இல்ல பாட்டா,” என்றான் குமாரதாஸ். “வண்டு தின்னாச்சு. மணி அன்னைக்கே சொன்னான், நான் கேக்கேல. எட்டு மாசமா மாவு கொட்டிச்சு. தெரிஞ்சும் நான் இவகிட்ட மறைச்சு வச்சேன். அதுல உள்ள தூளாலதான் இவளுக்கு இழுப்பு வந்துது. ஆஸ்பத்திரியிலயும் பொய் சொன்னேன்.”

சுயம்புராஜுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. குடையை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றினார். சிரித்துப் பேசலாம் என்று வாயெடுத்த மனுஷன், “சரி, சரி” என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். தலையில் இருந்து பாரம் இறங்கும் என்று சொல்வார்களே, அப்படியெல்லாம் ஒன்றும் இறங்கவில்லை.  குமாரதாஸுக்கு, உடுத்த வேட்டி அவிழ்ந்து நடுரோட்டில் நிற்கிறவன் மாதிரி இருந்தது.

“சோறு ஆறுது. நடங்க,” என்றாள் செல்லத்தாய்.

அவள் முன்னால் நடந்தாள். தடி குவிந்து கிடந்த பக்கம் போகாமல், காற்று அந்தப் பக்கம் வீசுகிறதா என்று பார்த்து, கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தாள். அவன் கீழே உட்கார்ந்து இலையைப் போட்டான். அவள் விளம்பினாள். ஒரு தரம்தான் விளம்பினாள். பிறகு கரண்டியை அவன் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள்.

“தம்பி சனிக்கெழம வாறான். இந்தத் தடியெல்லாம் சூளைக்குப் போகட்டு. கல்லு வச்சு ஒரு முறி வீடு எழுப்பலாம்னு சொல்லுகான். அதுக்குப் பெறவு நான் வாறேன்.”

“ம்.”

“அவன் சொல்லுகபடி கேட்டுக் கூட நிப்பியளா?”

“நிப்பேன்.”

“எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாதுன்னு வாயத் தொறக்கப்பிடாது.”

“தொறக்க மாட்டேன்.”

சொன்னானே தவிர, தலையை நிமிர்த்த முடியவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். செல்லத்தாய்க்கு அப்போது ஒரு இருமல் வந்தது. பழைய இருமல் மாதிரி இல்லை, சின்னது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி இருமினாள்.

இப்போது அந்த எட்டு சென்டில் கல்வீடு நிற்கிறது. கிருஷ்ணமணி அளவு சொல்ல, குமாரதாஸ் மண் சுமந்து கட்டினது. மரச்சீனியும் வாழையும் பழையபடி இருக்கின்றன. யாராவது இது நீ தனியாகக் கட்டினதா என்று கேட்டால், இல்லை என்று சட்டென்று சொல்லிவிடுவான். செல்லத்தாயின் இருமல் மட்டும் முழுசாக விடவில்லை. பனி விழுந்தால் வருகிறது. அது வருகிறபோதெல்லாம் குமாரதாஸ் கையில் இருப்பதை, சோறானாலும் மண்வெட்டியானாலும், கீழே வைத்துவிட்டு அது நிற்கிற வரை அப்படியே இருக்கிறான்.